நாற்காலி என்ன பாவம் செய்தது?

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. உன் மகள் பரம சௌக்கியம். அவளைத் தவிர இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் சௌக்கியமாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி தேவலையா?

"அமைதியான பொண்ணுண்ணே, உட்கார்ந்து இசை எழுதுவா, ஒரு மூலை குடுத்தா போதும்" என்று போனில் சொன்னாயே, கொடுத்தேன். மூன்றாம் நாளே ஹாலுக்கு ஒரு ட்யூபா வந்து இறங்கியது. பித்தளையில் பெரிய ஊதுகுழல். உன் அண்ணியைச் சுருட்டி உள்ளே வைக்கலாம். பின்னாலேயே டிராம்போன், கிளாரினெட் என்று ஊதுகிற கோஷ்டி. "எதைப் பத்திம்மா எழுதுற? மழையா, காதலா?" என்றேன். "மனுஷனோட கொடூரம் மாமா. சாதாரண ஆளுங்க எப்படி வெறி பிடிச்ச கூட்டமா மாறுறாங்கன்னு" என்றாள், பல் தேய்த்துக்கொண்டே. "நல்லவங்களைப் பத்தி எழுதக் கூடாதா?" "அதுக்கு ஒரு புல்லாங்குழல் போதுமே மாமா!" ட்யூபாக்காரர் முதல் ஊது ஊதியதும் மாடி வீட்டுத் தையல்காரம்மா தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று பிளம்பரையே கூப்பிட்டுவிட்டாள். அவர் வந்து கேட்டுவிட்டு, "குழாய்தான் சார், ஆனா என்னால அடைக்க முடியாது" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதோடு விட்டாளா? இசைக்கு நடுவில் ஒரு கூட்டம் கத்த வேண்டுமாம், நிஜ ஆட்கள்தான் வேண்டுமாம். தையல்காரம்மா, கீழ்வீட்டுப் பல் டாக்டர், எதிர்வீட்டுக் கணக்காளர், நான், எல்லாரையும் நிற்க வைத்து, நடுவில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "அதைப் பார்த்து 'வெளியே போ'ன்னு கத்துங்க" என்றாள். எங்களுக்கு ஒரே வெட்கம். முதலில் கணக்காளர், "தயவுசெஞ்சு வெளியே போ" என்றார். பிறகு டிராம்போன்கள் உறுமின, பல் டாக்டர் காலால் தரையை உதைத்தார், தையல்காரம்மா அடிவயிற்றிலிருந்து கத்தினாள், அப்புறம் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கு தங்கச்சி, நான் ஸ்டூல் மேல ஏறிட்டேன். அந்த நாற்காலி மேல எனக்கு நிஜமாவே கோபம். ஊதுறவங்க எல்லாரும் எப்பவோ நிறுத்திட்டாங்க, உன் மகள் "போதும், போதும்"னு கையை ஆட்டுறா, எங்க காதுல ஏறினாத்தானே! கணக்காளர் ஓடிப்போய் ஒரு உதை விட்டார், கால் முறிஞ்சுது. நாற்காலியோடதுதான்.

அப்போதுதான் சத்தம் அடங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உன் அண்ணி தேநீர் கொண்டுவந்து, "எதுக்கு இப்படிக் கத்துனீங்க? அதுல யாருமே இல்லையே" என்றாள். நான் மெல்ல ஸ்டூலிலிருந்து இறங்கினேன். என் வயதுக்கு இதெல்லாம் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத விஷயம். ஆகையால் உடனே புறப்பட்டு வந்து உன் மகளைக் கூட்டிக்கொண்டு போ.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். சின்னவனுக்கு ஆசிகள். எல்லோரும் குறைவின்றி இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு: சனிக்கிழமை அரங்கேற்றம், அதுவரை வந்துவிடாதே. மேடையில் நாங்கள்தான் கூட்டம். தனக்குத்தான் பெரிய குரல் என்று பல் டாக்டர் முன்வரிசை கேட்கிறார். அந்த ஆளை எப்படியாவது வெளியேற்றியாக வேண்டும். தையல்காரம்மாவும் கணக்காளரும் ஏற்கெனவே என் பக்கம்.