மூன்றால் வகுபடாதவர்

விடிந்ததிலிருந்து வரதராஜனின் போன் ஓயவில்லை.

"சார், ரூம் உந்தா?"

"ரூமும் இல்ல, கீமும் இல்ல. இது கணக்கு டியூஷன்!"

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் டியூஷன் நடத்தும் வரதராஜனுக்கு, ஊரில் மூன்றில் ஒரு பங்குப் பேர் மூன்றால் வகுபடுகிற ஜென்மங்கள். யாருடைய போன் நம்பர் கிடைத்தாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். மூன்றால் வகுபட்டால் உதட்டைப் பிதுக்குவார். மகள் பவ்யாவுக்குப் பேசி முடித்த புத்தூர் மாப்பிள்ளை நிதினைக்கூட விட்டுவைக்கவில்லை.

"பையன் நல்லவன்தான். நம்பர்தான் மூணால வகுபடுது. தலையெழுத்து."

தமக்கு மட்டும், சிம் கடைக்காரரின் உயிரை வாங்கி, ஒரு பகா எண்ணைப் பிடித்துவந்தார். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தேழு. கம்ப்யூட்டரும் பகா எண்தான் என்று சத்தியம் செய்தது. பெருமை தாங்காமல் அதை வாசல் போர்டில் எழுதி, பகா எண்ணுக்கான தெலுங்குச் சொல்லையும் கொட்டை எழுத்தில் சேர்த்தார்: 'பிரதான சங்க்ய'.

மலைக்குப் போக வந்திறங்கிய கூட்டம் அதை மெயின் நம்பர் என்று படித்தது. எதற்கு மெயின் என்று ஒருவரும் யோசிக்காமல் ரூம் கேட்டு அடித்தார்கள்.

"அந்தப் போர்டைக் கழட்டிப் போடுங்க," என்றாள் மனைவி தனபாக்கியம். "கல்யாணத் தேதி சொல்ல சம்பந்தி இன்னைக்குப் போன் பண்றேன்னாரு."

"முட்டாப்பசங்களுக்குப் பயந்துக்கினு நான் கழட்டணுமா? விளக்கம் எழுதறேன் பாரு."

'இந்த எண்ணைப் பிரிக்கவே முடியாது' என்று தெலுங்கில் எழுதினார். அடுத்த நிமிடமே கடப்பாக்காரர் ஒருவர் அரைகுறைத் தமிழில் கூப்பிட்டார்.

"பிரிக்க மாட்டீங்களாமே சார்? நாங்க பதினெட்டு பேரு. எல்லாருக்கும் ஒரே ரூமா குடுங்க!"

வரதராஜனுக்கு ரத்தம் கொதித்தது. மறுபடி மணி அடித்தது. யாருடைய பெயரையும் போனில் பதிந்துவைக்காத மனிதர். இருந்த கோபத்தில் நம்பரையும் பார்க்கவில்லை.

"வணக்கம். நாள் பாத்துட்டோம். எங்க பக்கம் அறுபது பேரு வரோம்..."

"அறுநூறு பேரு வந்தாலும் இங்க ஒண்ணும் கிடையாது. வேற எடம் பாத்துக்கோ! வெய்யா போனை!"

தனபாக்கியம் போனை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இது சம்பந்தி நம்பராச்சே! பொண்ணைப் பெத்தவரு சொல்ற பேச்சா இது?"

பவ்யா போனைப் பிடுங்கி, அழுதுகொண்டே புத்தூருக்கு அடித்தாள். போர்டு, பகா எண், பதினெட்டு பேர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். வரதராஜன் தொண்டையைக் கனைத்தார்.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தி. என் நம்பரோட அருமை இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் புரியல."

மறுமுனையில் நிதினின் அப்பா சின்னசாமி நிதானமாகச் சொன்னார்:

"எங்க போன்ல உங்க நம்பர் 91-னு ஆரம்பிக்குது சம்பந்தி. அதையும் சேத்துக் கூட்டினா ஐம்பத்தேழு, மூணால வகுபடுது. நிதின் மொத நாளே பாத்துட்டான். போனாப் போவுதுன்னுதான் நாங்க வேற எடம் பாக்கல."