பஞ்சாபகேசனின் லித்தியம்

தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டிருக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது.

"ஏன்னா, உங்க சூரியன் படுத்துண்டுட்டார்," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் வாலாம்பாள்.

மும்பை செம்பூரில் அந்தக் கட்டடத்தில் மின் இணைப்பையே துண்டித்துவிட்டு, மொட்டைமாடி சோலார் தகடுகளை நம்பி வாழ்ந்தவர் பஞ்சாபகேசன் ஒருவர்தான். அணுசக்தி நகரில் எஞ்சினியராக இருந்து ரிடையர் ஆனவர். அணுவோடு பழகியவனுக்கு ஒரு பாட்டரி பொறுக்கத் தெரியாதா என்று, யாரையும் கேட்காமல் இரண்டு அமில பாட்டரி வாங்கியிருந்தார்.

"சார்ஜ் பாதிக்குக் கீழ இறங்கினா பாட்டரி கெட்டுடும். அதான் தானா நிக்கறது."

"சட்னிக்கு அது தெரியலையே."

இன்னும் இரண்டு வாங்கினார். பால்கனி நிரம்பியது. அமில நெடி படுக்கையறைக்குள் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் படுத்தார்கள்.

அடுத்தது லித்தியம். நெடி இல்லை, கனம் இல்லை. பழசை வீணாக்குவானேன் என்று எல்லாவற்றையும் சேர்த்து இணைத்தார். புதியதில் இருந்ததைப் பழையவை உறிஞ்சிக் குடித்துவிட்டன. இது படித்த எஞ்சினியர் செய்கிற காரியமா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பழசையெல்லாம் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் தள்ளினார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெயில் கண்ணிலேயே படவில்லை. மறுபடி இணைப்புக் கேட்டு மின் ஆபீசில் போய் நிற்கவேண்டுமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. கிரைண்டர்கூட ஓடியது.

"பார்த்தியா? லித்தியம்னா லித்தியம்தான்."

"நல்ல பாட்டரி," என்றாள் வாலாம்பாள், தலை நிமிராமல்.

பெருமை தாங்கவில்லை. கூட வேலை பார்த்த ஜெயினுலாப்தீனை டிபனுக்கு அழைத்தார். வாலாம்பாள் உள்ளே வடைக்கு அரைக்க, ஹாலில் பிரசங்கம் நடந்தது.

"பாட்டரி பொறுக்கறதுக்குப் பொறுமை வேணும், சார்."

"இந்த மழையிலயும் ஓடுதே. நானும் இதையே வாங்கிடுறேன்," என்றார் ஜெயினுலாப்தீன்.

சட்டென்று எல்லாம் அணைந்தது. பஞ்சாபகேசன் பாட்டரியிடம் ஓடினார். அழுத்தாத பட்டன் இல்லை. அது அசையவில்லை.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு பத்மஜா, கையில் டார்ச்.

"மாமி, கிரைண்டர் போடறச்சே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கீசரை நிறுத்தியிருப்பேனே. மழை ஆரம்பிச்சு நீங்க வயர் இழுத்துண்டதுலேர்ந்து ரெண்டு ஆத்தையும் எங்க மீட்டர் ஒண்ணுதானே தாங்கறது?"