ஓட்டை இல்லாத படகு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளைத் தண்ணீரில்தான் கழிப்பது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே பார்வை கொடுப்பவர். ஆனால் ஞாயிறு வந்தால் அவரால் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. மனைவியின் அக்கா காலையிலேயே வந்துவிடுவார். அந்த அம்மாள் சிரித்தால் கடையில் இருக்கும் லென்ஸ்கூட அதிரும். அக்காவும் தங்கையும் பேசப் பேச, ஒட்டடை அடிப்பது, ஃபேன் துடைப்பது என்று வேலையெல்லாம் இவர் தலையில் வந்து விடியும்.

தப்பிக்க ஒரு பழைய படகை வாங்கிப் போட்டார். வெளியே லட்சணமாகத்தான் இருந்தது. உள்ளே கால் வைத்தால் தரைப்பலகை பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

கண்ணாடிக்காரர் அசரவில்லை. உளுத்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தார். படகின் வளைவுக்கு அட்டையில் மாதிரி வெட்டி, அதை வைத்துப் புது ப்ளைவுட்டை அறுத்தார். வெட்டிய ஓரம்தான் தண்ணீரைக் குடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். முகம், முதுகு, ஓரம், ஸ்க்ரூ போடும் துளை எதையும் விடாமல் எபாக்ஸிப் பசை பூசினார். காய்ந்ததும் தேய்த்தார். மறுபடி பூசினார். கடைக்கு வந்த ஒருவரோடு கைகுலுக்கப் போய், இரண்டு பேரும் பிரிய முடியாமல் வெகுநேரம் நண்பர்களாகவே இருக்க நேர்ந்தது.

ஒருநாள் மனைவி படகுப் பட்டறைக்கே வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, பலகை வேலைன்னா பல கை வேணுமே. நானும் ஒரு கை குடுக்கட்டுமா?”

“வேணாம், வேணாம்! இந்த நெடி உனக்கு ஆகாது. தலை சுத்தும்.”

“கட்டில் ஒண்ணுதான் தெரியுது?”

“இடம் அவ்வளவுதான். படகு என்ன மாளிகையா?”

“அந்தப் பக்கம் காலியாத்தானே கிடக்கு?”

“அது... காத்து வர்றதுக்கு.”

“ஓ! காத்துக்கு இடம் உண்டு, எனக்குத்தான் இல்லையா?”

வெடிக்கப் போகிறாள் என்று கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வெடிக்கவில்லை. “சரி, ஓரத்தையெல்லாம் நல்லா உருட்டி விடுங்க, கால்ல இடிக்காம. மெத்தையும் மெத்துன்னு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று அவர் இன்னும் ஒரு பூச்சு பூசினார்.

படகைத் தண்ணீரில் இறக்கும் நாளும் வந்தது. புதுத் தொப்பியோடு போய் நின்றார். வழியனுப்ப மனைவியும் அக்காவும் சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தார்கள். படகுத்துறை அதிகாரி வந்தார்.

“ஓட்டை ஏதாவது?”

கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “ஊசி முனை அளவுகூட கிடையாது!”

“நல்லது. ஓட்ட?”

“அதான் சொன்னேனே, கிடையாது.”

“ஓட்டை இல்லைங்க, ஓட்ட! படகு ஓட்ட லைசென்ஸ்! அது இல்லாம கயித்தை அவுக்கவே கூடாது.”

கண்ணாடிக்காரருக்குத் தலை சுற்றியது. நெடியால் அல்ல. பலகையை நினைத்தார், பசையை நினைத்தார். படகு என்பது ஓட வேண்டிய சாமான் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை.

மனைவி கைப்பையைத் திறந்து, தன் படம் போட்ட ஒரு அட்டையை அதிகாரியிடம் நீட்டினாள்.

“நீயா? எப்போ?”

“நீங்க உள்ளே உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டு இருந்தப்பதான். இதே துறையில வெளியே கத்துக்கிட்டேன். காத்தோட்டமா இருந்துச்சு. துணைக்கு அக்காவும் வந்தா.”

அதற்குள் படகின் உள்ளேயிருந்து அக்காவின் சிரிப்பு வெடித்தது. “அடியே, மெத்தை பஞ்சு மாதிரி இருக்குடி!” பலகைகள் ஒன்றுகூட அதிரவில்லை. வேலை அவ்வளவு உறுதி.

மனைவி சுக்கானைப் பிடித்தாள். இன்ஜின் உறுமியது. கயிற்றை அவிழ்த்துவிட்டவர் கண்ணாடிக்காரர்தான்.

நகரத் தொடங்கிய படகுக்குள் அதிகாரி குனிந்து பார்த்து அசந்துபோனார். “பிரமாதமான பலகை வேலையா இருக்கே! யாருங்க செஞ்சது?”

“எங்க வீட்டுக்காரர்தாங்க” என்று தண்ணீரிலிருந்து குரல் வந்தது. “உங்களுக்கு ஏதாவது வேலை இருந்தா தாராளமா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை அவரு சும்மாதான் இருப்பாரு!”