நேவி வாசலில் ஆவாரம்பூத் தேத்தண்ணி

"குடி," என்றான் வாசல் காவல் சென்றியில் நின்ற நேவிக்காரன். அவன் கற்ற தமிழில் மரியாதைச் சொற்கள் இன்னும் வந்து சேரவில்லை.

துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கரான கனகசுந்தரம் பிளாஸ்க்கைத் திறந்தார். உள்ளே ஆவாரம்பூத் தேத்தண்ணி. நீரிழிவுச் சலரோகத்துக்கென்று மனைவி புஸ்பராணி சீனி போடாமல் தந்துவிடுவது. இவ்வளவு நாளும் அதை வாசலுக்கு வெளியே நின்ற பூவரசுக்குத்தான் வார்த்து வந்தார். மரம் நல்ல சுகமாக இருந்தது.

இந்தக் கிழமைதான் இந்தப் புதுச் சோதனை. மற்றவர்களின் போத்தல்களைக் குலுக்கிப் பார்த்து விட்டுவிடுகிறான். இவரை மட்டும் குடிக்கச் சொல்கிறான். அடையாள அட்டையில் பிறந்த இடம் சம்பூர் என்றிருந்தது; முன்பு புலிகள் இருந்த ஊர். வேறென்ன காரணம் வேண்டும்? உள்ளே போகும் பாஸைப் பறித்தால் வேலை போகும். வேலையோடு நின்றால் அது முன்னோர் செய்த புண்ணியம்.

ஒரு மிடறு விழுங்கினார். முகம் அஷ்டகோணலாகியது. நேவிக்காரன் அந்த முகத்தையே உற்றுப் பார்த்தான். நஞ்சென்று நினைக்கிறானாக்கும் என்று கனகசுந்தரம் அவசரமாக இன்னொரு மிடறு விழுங்கினார்.

அடுத்த நாள் புஸ்பராணியின் கண்ணில் படாமல் மூன்று கரண்டி சீனியைக் கலந்துகொண்டு போய், சிரித்தபடி குடித்தார்.

"நல்லமா?"

"நல்லம், நல்லம்."

"அப்ப இன்னும் குடி."

பிளாஸ்க் காலியான பிறகுதான் உள்ளே விட்டான்.

கிழமை முடிவில் வீட்டில் சலத்தை நீலக் கரைசலோடு சூடாக்கிச் சோதித்தால் செங்கல் நிறம்; சீனி கூடிவிட்டது. "தேத்தண்ணி காணாது," என்று புஸ்பராணி பூவை இரட்டிப்பாக்கினாள். கசப்பு இரட்டித்தது. சீனியும் இரட்டித்தது. அடுத்த சோதனையில் இன்னும் சிவப்பு.

அவள் தம்பி யோகலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவன் இரசாயன ஆசிரியன். கனகசுந்தரம் கொண்டுபோகவிருந்த பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணியை எடுத்து, சலம் சோதிக்கும் அதே பெனடிக்றின் கரைசலை விட்டுச் சூடாக்கினான். நீலம் நீலமாகவே நின்றது. கனகசுந்தரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பொறுங்கோ அத்தான். கடைச் சீனி இதில நேரே பிடிபடாது. புளியோட கொதிச்சால்தான் உடைஞ்சு குளுக்கோசாகும்."

குசினிக்குள் போய்த் தேசிக்காய் பிழிந்து கொதிக்கவைத்தான். புளிப்பு அடங்க அப்பச்சோடா போட்டான். திரும்பவும் கரைசலை விட்டுச் சூடாக்கினான். செங்கல் நிறம்!

புஸ்பராணி கணவனைப் பார்த்தாள்.

"அது... பூவிலயே இருக்குமாக்கும்," என்றார் கனகசுந்தரம்.

"பூவிலயும் காபோவைதரேற்று இருக்கும்தான்," என்று யோகலிங்கம் தலையைச் சொறிந்தான். "ஆனா இவ்வளவோ?"

"அப்ப பூ வேண்டாம். நாளையில இருந்து வேப்பம்பட்டை," என்றாள் புஸ்பராணி.

வேப்பம்பட்டைக்கு எட்டுக் கரண்டி சீனி போட்டும் குடிக்க ஏலவில்லை. வாசலில் "குடி" என்றதும் கனகசுந்தரத்தின் பொறுமை அறுந்தது.

"சந்தேகமெண்டால் நீங்களே குடிச்சுப் பாருங்கோ!"

கோப்பையை நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டினோம் என்று விளங்கியது. நேவிக்காரன் வாங்கிக் குடித்தான். உதட்டை நக்கினான். பெருங்கவலையோடு அவரைப் பார்த்தான்.

"சந்தேகம் இல்ல மாத்தயா. மாத்தயா மருந்து மரத்துக்கு ஊத்துறது, பாத்துக் குடிக்க வைங்க எண்டு மாத்தயாட பொஞ்சாதி நோனாதான் வந்து சொன்னது. இப்ப இவ்வளவு சீனி எண்டு நோனாவுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?"