மண் என்று சொல்லக் கூடாத தோட்டம்

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். நான் அலமாரியை அடுக்குவேன். எங்கள் மொட்டைமாடியில் பச்சைக்கூரை போட்ட கதையை யாராவது கிளறினால் அன்று எங்கள் வீட்டில் ஒரு அலமாரியாவது பளிச்சென்று ஆகிவிடும். இப்போதும் மசாலா டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு கருவடிக்குப்பத்தில். கீழே நானும் கணவரும். மாடியில் என் நாத்தனார் மல்லிகாவின் குடும்பம். அதற்கு மேல் மொட்டைமாடி, இரண்டு குடும்பத்துக்கும் பொது. வெயில் காலத்தில் மல்லிகாவின் வீடு இட்லிப் பானையாக வேகும். மேலே மண் பரப்பிச் செடி வளர்த்தால் சூடு குறையும் என்று எங்கோ படித்துவிட்டு நான்தான் ஆரம்பித்தேன்.

மல்லிகா ஒரே நிபந்தனை போட்டாள். "போடுங்க அண்ணி. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி என் வூட்டுக்குள்ள வந்தாலும் மொத்தத்தையும் வாரிக் கீழ கொட்டிடணும்."

சம்மதம் என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன். (யாரும் கேட்கவில்லை.)

வேலைக்கு ஒரு கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். பெயர் வேண்டாம், எழுதினால் பேனா உடையும்.

"மேடம், மொதல்ல மெம்பரேன். அதுக்கு மேல ரூட் பேரியர், டிரெயினேஜ் போர்டு, ஜியோடெக்ஸ்டைல். கடைசியா சப்ஸ்ட்ரேட்."

"சப்ஸ்ட்ரேட்னா இன்னா?"

"க்ரோயிங் மீடியம் மேடம்."

"அப்டின்னா?"

"அதான் மேடம், சப்ஸ்ட்ரேட்."

"மண்ணா?"

அவர் முகம் சுருங்கியது. "மண்ணுன்னு சொல்லக் கூடாது மேடம்."

ஏன் சொல்லக் கூடாது? தண்ணீர் இறங்காத ஷீட், வேர் இறங்காத ஷீட், தண்ணீர் ஓட முட்டை அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகை, மண் அடைக்காமல் வடிகட்ட ஒரு துணி, அதற்கு மேல் எடை குறைந்த மண். இவ்வளவுதானே? நாலு வரியில் சொல்ல முடிந்ததை நாலு நாள் என்னை அலையவிட்டார். வந்த ஆத்திரத்தில் எல்லாப் பெயர்களையும் பாடம் செய்து, பொருள் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கணவரையும் விடவில்லை. "ரூட் பேரியர் மெம்பரேனுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் அடுத்த தோசை.

அதே வாரத்தில் என் ஆரஞ்சு நைட்டி காணாமல் போனது. பெரிய மார்க்கெட் பக்கம் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கியது. இரண்டு பக்கமும் பை வைத்தது. துணி காயப்போடும் கொடியும் எங்களுக்குப் பொதுதான். மல்லிகாவிடம் மிகவும் நாகரிகமாகத்தான் கேட்டேன்: "தெரியாம எடுத்து மடிச்சி வெச்சிருந்தா பரவால்ல, குடுத்துடு."

"உங்க நைட்டிய நான் போட்டா உள்ள இன்னொரு ஆளுக்கும் எடம் இருக்கும் அண்ணி," என்றாள்.

அதன்பின் எங்களுக்குள் பேச்சு நின்றது. தோட்ட வேலை மட்டும் நடந்தது. பாண்டிங் டெஸ்ட் (மாடியில் தண்ணீர் கட்டி, கீழே கசிகிறதா என்று பார்ப்பது) அந்த வாரமே தொடங்கியிருந்தது. அன்று காலை நான் மார்க்கெட் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மாடி முழுக்கத் தண்ணீர் தளும்பியது. மல்லிகா வீட்டுக் கூரையில் ஈரமே இல்லை. சோதனை வெற்றி. தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டார்கள். அடுக்குகள் ஏறின, செடிகள் வந்தன. மாடியில் இருந்த ஒரே தண்ணீர்த் துளைக்கு மேல் மூடி போட்ட ஒரு பெட்டி வைத்தார்கள். அதற்குப் பெயர் இன்ஸ்பெக்ஷன் சேம்பர். அதையும் ஃப்ரிட்ஜ் பட்டியலில் சேர்த்தேன்.

முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று தவளக்குப்பத்திலிருந்து மல்லிகாவின் சம்மந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஊருக்காக எங்களையும் கூப்பிட்டிருந்தாள். கூடத்தில் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். சாம்பார் முடிந்து ரசம் வரவேண்டிய நேரத்தில், படிக்கட்டு வழியாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கி வந்தது. சம்மந்தியம்மா இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். "அண்ணி. சொட்டு இல்ல. ஆறே வந்துடுச்சி."

என் தோட்டம் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் வாய் நிற்கவில்லை. "இது லீக்கேஜ் இல்ல, ஓவர்ஃப்ளோ. மெம்பரேன் கரெக்டா இருக்கு. கூரையப் பாரு, சொட்டுதா?" என்றேன், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி.

எல்லோரும் குடையோடு மேலே போனோம். செடிகள் மிதந்தன, நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் படியில் வழிந்துகொண்டிருந்தது. நான் விடாமல் சம்மந்தியம்மாவுக்கு ஒவ்வொரு அடுக்காக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணீருக்கு மேல் தலை நீட்டிய மூடியைக் காட்டினார்.

"அது இன்னாம்மா?"

"இன்ஸ்பெக்ஷன் சேம்பர். அப்பப்ப தொறந்து பாக்கறதுக்கு."

"பாத்தீங்களா?"

ஃப்ரிட்ஜ் கதவுப் படிப்பு மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் கரைந்தது. குனிந்து மூடியைத் திறந்து கையை விட்டேன். துளைக்குள் ஏதோ துணி. இழுத்தேன். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆரஞ்சு நிறம். இரண்டு பக்கமும் பை.

மாடித் தண்ணீர் 'கடகட'வென்று இறங்கத் தொடங்கியது.

"டெஸ்ட்டுக்குத் தொள அடைக்கப் பழைய துணி கேட்டாங்க," என்றார் கணவர், தன் குடைக்குள் முடிந்தவரை ஒளிந்துகொண்டு. "கொடில கெடந்துச்சி..."

"பழசா? அது பழசா?"

அங்கேயே இன்ஜினியருக்கு போன் போட்டேன். "டெம்ப்ரவரி பிளக் ரிமூவல், அது கிளையன்ட் ஸ்கோப் மேடம்," என்றார். அடைத்ததை எடுப்பது எங்கள் பொறுப்பாம். எடுக்காமல் போனதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறான், படுபாவி!

நைட்டியைப் பிழிந்து மடித்துக்கொண்டே மல்லிகாவிடம், "நாளைக்கே ஆள விட்டு எல்லாத்தையும் வாரிடறேன்," என்றேன். குரல் உடைந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

மல்லிகா செடிகளைப் பார்த்தாள். "வேணாம். வூடு இப்ப கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருக்கு. ஆனா மன்னிப்பு கேளுங்க."

"தண்ணி வந்ததுக்கு மன்னிச்சிக்கம்மா."

"தண்ணிக்கு இல்ல அண்ணி. நைட்டிக்கு."

சம்மந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால், கையில் அந்த ஆரஞ்சு மூட்டையோடு கேட்டேன்.

இப்போது தோட்டம் நன்றாக இருக்கிறது. என் கோபமும் அப்படியே செழிப்பாக இருக்கிறது. இன்ஜினியர் மேல் ஒரு பங்கு, கணவர் மேல் இரண்டு பங்கு. கடற்கரைப் பக்கம் மேகம் கறுத்தால் போதும், மல்லிகா மாடியிலிருந்து குரல் கொடுப்பாள்: "அண்ணி! மழ வரப் போவுது. நைட்டில்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டீங்களா?" தவளக்குப்பத்திலிருந்து சம்மந்தியம்மாவும் இதையே போனில் கேட்கிறார்.

உடனே பதில் சொல்ல வாய் துடிக்கும். சொல்வதில்லை. முதலில் மேலே போய் மூடியைத் திறந்து, கையை விட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறேன். அப்புறம்தான் அலமாரி.