கம்பளி மாஸ்டரின் கோட்டும் ஒரு வாளியும்

அமெரிக்காவின் சுதந்திரத்துக்குப் பாடுபட்டவர்களில் கடைசி ஆள் எங்கள் கம்பளி மாஸ்டர்தான். இருநூறு வருடம் பிந்திவிட்டார், இடமும் உலகத்தின் தென்கோடியில், ஒடாஹுஹு என்ற ஊரில் ஒரு வாடகை வீடாகப் போய்விட்டது. மற்றபடி முயற்சியில் ஒரு குறையும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த வீட்டில் யாழ்ப்பாணத்து ஆண்கள் நான்கு பேர் குடியிருந்தோம். மாஸ்டர் ஊரில் சரித்திர வாத்தியார். இங்கே ஆட்டு ரோமம் கழுவும் தொழிற்சாலையில் வேலை. பாபகூராவில் ஒரு பள்ளிக்கூடம் சரித்திரம் படிப்பிக்க ஆள் தேடி, அவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அதை விட்டால் ஆயுள் முழுக்க ரோமம்தான். போட்டுக்கொண்டு போகக் கடையில் நல்ல கோட்டுகள் தொங்கின. மாஸ்டர் திரும்பியும் பார்க்கவில்லை.

"அமெரிக்கன் இங்கிலாந்துத் துணி வேண்டாமெண்டு வீட்டிலயே கம்பளி நூத்து நெய்தவன், தம்பி. அவன்ர முதல் ஜனாதிபதி பதவியேற்கேக்க போட்டதும் உள்ளூர்க் கம்பளி. நான் மட்டும் கடைக் கோட்டோட போறதோ?"

புக்கெகோஹியில் ஒரு ஆட்டுப் பண்ணையிலிருந்து ஒரு மூட்டை ரோமம் வந்தது. சிக்கெடுக்க எங்கள் சீப்புகள் போயின. சைக்கிள் சில்லு ராட்டையானது. கட்டில் சட்டம் தறியானதால் மாஸ்டர் தரையில் படுத்தார். சோற்றுப் பானைக்குள்ளும் கம்பளி கிடந்தது.

நெய்த துணியை நனைத்து மிதித்து இறுக்கினால்தான் குளிர் தாங்குமாம். அதற்கு அந்தக் காலத்தவர் பயன்படுத்தியது நாட்பட்ட சிறுநீர். மாஸ்டர் வீட்டின் பின்வளவில் ஒரு வாளியை வைத்து, எங்கள் ஒத்துழைப்பைப் பணிவாகக் கோரினார். மானமுள்ளவன் அந்தப் பக்கம் போகமாட்டான் என்று மற்ற மூவரும் சத்தியம் செய்தோம். ஆனாலும் ஒரு கிழமையில் வாளி நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா தன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்.

மாஸ்டர் தான் பார்த்துச் செய்த நெசவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டார். மிதித்தால் துணி சுருங்கும், அதனால் சுருக்கிய பிறகுதான் வெட்டித் தைக்க வேண்டும். அவரோ தைத்து முடித்த கோட்டை வாளிக்குள் போட்டு மிதித்தார். நேர்முகத்துக்கு முதல்நாள் வெளியே வந்தபோது அது ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவாயிருந்தது.

கோட்டைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய கோட்டைக் கொடுத்தேன். கழுத்துப் பட்டியில் 'இங்கிலாந்தில் செய்தது' என்றிருந்த துண்டை முதலில் வெட்டி எறிந்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

குட்டிக் கோட்டை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கையோடு கொண்டுபோனார். நேர்முகத்தில் அதை மேசையில் விரித்து, தன் பிழையில் தொடங்கி அமெரிக்கச் சுதந்திரம்வரை ஒரு மணித்தியாலம் விளக்கினாராம். வேலை கிடைத்தது. அவரை நிறுத்த அவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

பாபகூராவுக்குக் குடிபோகும் அன்று ரயிலடியில் வைத்துக் கேட்டார்.

"தம்பி, அந்த வாளியை நிரப்பினது ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது, மாஸ்டர்."

இப்போது சொல்லலாம். முக்கால் வாளி என்னுடையது. அந்த மனிதர் எதிலும் தோற்றுவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை.