சாமி சப்புக்கொட்டிய ஒரு சிட்டிகை

தொண்ணூற்று நாலாம் வருஷம் மனித ஆயுளின் விலை நூற்றொரு ரூபாய். கிணத்துக்கடவில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து மூலிகைச் சாமி ஒருவர் அதை விற்றுக்கொண்டிருந்தார். பேரம் கிடையாது. பொள்ளாச்சி பஸ்கள் விடியும் முன்பே சர்க்கரை நோயாளிகளை அங்கே இறக்கிவிட்டுக் காலியாகப் போயின.

தினம் இன்சுலின் ஊசி போடும் வெல்ல மண்டி செங்கோடன் லேசில் ஏமாறுகிறவர் இல்லை. முப்பது வருஷமாக வெல்லத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தே விலை சொல்பவர். சாமி கொடுத்த இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயில் போட்டார். இனிக்கவே இல்லை, மணலாக நெருடியது. டாக்டரை நம்பாமல் இருக்கலாம். சொந்த நாக்கை நம்பாமல் எப்படி இருப்பது?

"உன் சர்க்கரை செத்துப்போச்சு. இனி ஊசி எதுக்கு?" என்றார் சாமி.

பன்னிரண்டு நாள் ஊசி இல்லை. செருப்புக் கடித்த புண் மட்டும், செத்த சர்க்கரைக்குத் துக்கம் காப்பதுபோல் கறுத்துக்கொண்டே வந்தது. விஷம் இறங்குகிறது என்றார் சாமி. மனைவி சென்னியம்மாள் சண்டை போட்டுப் பார்த்தாள். கால் போய்விடுமோ என்று தூக்கம் கெட்டுப் பதின்மூன்றாம் நாள் அவளும் வந்து வரிசையில் நின்றாள். இலையை மென்றாள். சர்க்கரையைப் போட்டாள். மணல்தான்.

"ஏனுங்க சாமி, போன மாசந்தானுங்க டெஸ்ட் பண்ணி எனக்குச் சக்கரை நோயே இல்லைன்னாங்க. என்ற வாயில நீங்க எதைக் கொன்னீங்க?"

சிரிக்கலாமா என்று கூட்டம் சாமியைப் பார்த்தது. வரப்போகிற நோயைத்தான் என்றார் அவர், சளைக்காமல். நோய் இருக்கிறவருக்கும் வரப்போகிறவருக்கும் மட்டுமே இனிக்காதாம். பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"உங்களுக்கு வருங்களா?"

"சித்தனுக்கு ஏது தாயே நோய்?"

"அப்ப உங்களுக்கு இனிக்கோணுமுங்க. மென்னு காட்டுங்க."

அத்தனை பேர் பார்க்கிறார்கள். சாமி மென்றார். சென்னியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெள்ளையாக ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினாள். சாமி கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"அமிர்தமா இனிக்குது."

"அது கோலப்பொடிங்க," என்றாள் சென்னியம்மாள்.

இலையின்மேல் குற்றமில்லை. வேலியில் படரும் சிறுகுறிஞ்சான் அது. யார் மென்றாலும் கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்புத் தெரியாது. ரத்தத்துச் சர்க்கரை அது பாட்டுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றதெல்லாம் சாமியின் சொந்த விளைச்சல்.

சாமி பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. செங்கோடன் அன்றைக்கே ஊசிக்குத் திரும்பினார்; கால் பிழைத்தது.

கணக்கு இதுதான். ஊசியை விட்ட நாள் பன்னிரண்டு. புண் ஆறப் பிடித்த நாள் எண்பது. ஊரார் யோசிக்க வேண்டிய ஒரு நிமிஷம் மட்டும் இன்னும் பாக்கி. காங்கேயத்தில் வேறொரு சாமி வந்து இறங்கிவிட்டாராம், அவர் இந்தப் பக்கம் வருவதற்குள்ளாவது அந்த நிமிஷத்தைக் கட்டிவிடுங்கள்.